பூனைக்குப் பேதி என்றால்

"டாக்டர், பூனைக்கு லூஸ் மோஷன். நிக்கிற மாதிரி ஒரு மாத்திரை பேர் மட்டும் வாட்ஸ்அப்ல போடுங்களேன்."

எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி இப்படித்தான் தொடங்கும். என்ன வயது, என்ன சாப்பிட்டது, எப்போதிலிருந்து என்று எதுவும் இருக்காது. கூடவே ஒரு புகைப்படம் வரும். மதியம் இலை போட்டு உட்காரும்போது பார்த்து வரும். சாப்பாட்டு மேசைக்குப் போனைக் கொண்டுவரக் கூடாது என்று என் வீட்டில் தடை விதித்து வெகுகாலமாகிறது.

படத்தைப் பார்த்துவிட்டு நான் கேட்கும் முதல் கேள்விக்கும் படத்துக்கும் சம்பந்தம் இருக்காது. "சாப்பிடுதா?" என்பேன். அடுத்து வயசு, அடுத்து தடுப்பூசி. இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமா, இப்போதே ஆட்டோ பிடிக்க வேண்டுமா என்பது பாதி தெரிந்துவிடும். இரண்டு வயதுப் பூனை, ஊசி எல்லாம் போட்டது, நேற்று எங்கேயோ மீன் தலையை இழுத்து வந்து தின்றது, இன்று இளக்கமாகப் போகிறது, ஆனால் தட்டைக் கண்டால் ஓடி வருகிறது என்றால் எனக்குக் கவலையில்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாகவே சரியாகிவிடும். மூன்று மாதக் குட்டி, ஊசி போடவில்லை, நேற்றிலிருந்து வாயில் எதுவும் வைக்கவில்லை, வாந்தியும் எடுத்தது என்றால், மாத்திரை பேர் கேட்டு நேரத்தை வீணாக்காமல் உடனே தூக்கிக்கொண்டு வரச் சொல்வேன்.

நான் படித்தது வேப்பேரியில், 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில். மாட்டின் நான்கு அறை வயிற்றை மாதக்கணக்கில் படித்தோம். நாய்க்கும் இடம் இருந்தது. பூனை, நாய்ப் பாடத்தின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும். நாயைச் சின்னதாக்கினால் பூனை என்பதுதான் அன்றைய மனோபாவம். என் கிளினிக்குக்கு நாள்தோறும் பூனைக் கூடைகள் வரத் தொடங்கியபின்தான், மருந்திலும் சாப்பாட்டிலும் நோயிலும் அது தனிப் பிறவி என்பது உறைத்தது. தெருவில் என்னை இன்னமும் மாட்டு டாக்டர் என்றுதான் சொல்கிறார்கள். மாட்டைத் தொட்டுப் பல வருஷமாகிறது.

பேதியில் இரண்டு வகை உண்டு. இதைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சிறுகுடலில் கோளாறு என்றால் ஒவ்வொரு தடவையும் நிறையப் போகும், ஆனால் தடவைகள் அவ்வளவாகக் கூடாது. பூனை இளைக்கும், வாந்தியும் சேரலாம். ரத்தம் கலந்தால் செரித்துத் தார் மாதிரிக் கறுப்பாக வரும். பெருங்குடலில் கோளாறு என்றால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, அவசர அவசரமாகப் போகும். டப்பாவுக்கு ஓடும், முக்கும், ஒரு ஸ்பூன் அளவு போகும், திரும்பவும் ஓடும். சளி இருக்கும், பளிச்சென்ற சிவப்பில் ரத்தத் துளி இருக்கும். வீட்டுக்காரர்கள் பயப்படுவது இந்தச் சிவப்பைக் கண்டுதான். ஆனால் பூனை தெம்பாக இருந்து சாப்பிடவும் செய்தால், எனக்கு அந்தக் கறுப்புதான் அதிகக் கவலை தரும். இந்தப் பெருங்குடல் வகைக்கு ஒரு சிட்டிகை இசப்கோல் தண்ணீரில் ஊறவைத்து உணவில் கலந்து தருவது எளிய வைத்தியம். மருந்துக்கடைப் பொட்டலங்களில் பூனைக்கு நான் சொல்லும் ஒரே சரக்கு அதுதான்.

முக்குவது என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு ஐ.டி. இளைஞர் இரவு பத்து மணிக்கு மேல் அழைத்தார். "சிம்பா பத்து தடவை லிட்டர் பாக்ஸுக்குப் போய்ட்டான் சார். முக்குறான், எதுவும் வரல. லூஸ் மோஷன் முடிஞ்சு இப்ப மலச்சிக்கல் போல." சிம்பா ஆணா என்று கேட்டேன். ஆண். சிறுநீர் போனதைப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை. உடனே கொண்டுவரச் சொன்னேன். அடிவயிற்றில் கைவைத்தபோது சிறுநீர்ப்பை எலுமிச்சையைவிடப் பெரிதாக, கல்லாக நின்றது. ஆண் பூனையின் சிறுநீர்த்தாரை ஒடுக்கமானது. சளியும் படிகமும் சேர்ந்து அடைத்துக்கொண்டால், கழிவும் பொட்டாசியமும் ரத்தத்தில் ஏறி இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். மயக்கம் கொடுத்து, குழாய் விட்டு, அன்றிரவே அடைப்பை எடுத்தோம். ஆண் பூனை திரும்பத் திரும்ப முக்கினால் பேதியா மலச்சிக்கலா என்று யோசிப்பதற்கு முன், லிட்டர் மண்ணில் ஈரக்கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

பேதிக்கு வருவோம். காரணங்களில் முதலிடம் சாப்பாட்டுக்கு, அதிலும் பாலுக்கு. பூனை என்றால் பால் என்று நம் மனத்தில் எழுதி வைத்திருக்கிறது. தாயிடம் குடிக்கும் வயதில் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குட்டியின் குடலில் நிறைய இருக்கும். பால் மறந்தபின் அது குறைந்துகொண்டே போகும். செரிக்காத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், பாக்டீரியா அதைப் புளிக்கவைக்கும், வாயு சேரும், பிறகு பேதிதான். பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகக் கம்பர் தன்னை அவையடக்கத்தில் சொல்லிக்கொண்டார். அந்தப் பூனை முழுக்கடலையும் முடிக்காததற்கு வேறு காரணமும் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

பாலைக் குறையுங்கள் என்று சொன்னதற்கு மாம்பலத்துப் பாட்டி ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். "எங்காத்துல மூணு தலைமுறையா பாலும் தயிர் சாதமும்தான் தம்பி. ஒரு பூனையும் சாகல." அவர் சொன்னதில் பொய்யில்லை. எல்லாப் பூனைக்கும் பால் ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை. தயிரில் பால் சர்க்கரை குறைவும்கூட. ஆனால் அந்த வீட்டுப் பூனைகள் தயிர் சாதத்தில் வாழவில்லை. மொட்டைமாடியில் எலியும் பல்லியும் குருவியும் பிடித்துத்தான் வாழ்ந்தன. பூனைக்கு டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்து கிடைத்தாக வேண்டும், அதன் உடம்பால் போதுமான அளவு செய்துகொள்ள முடியாது. டாரின் குறைந்தால் இதயம் பெருத்துத் தளரும் என்பது 1987-இல் கலிஃபோர்னியாவில் பால் பியோன் என்ற மருத்துவர் வெளியிட்ட ஆய்வில் தெரியவந்தது. பாட்டி இப்போது அடுக்ககத்தின் நான்காவது மாடிக்கு மாறிவிட்டார். பூனைக்கு எலி கிடைக்காது, தயிர் சாதம் மட்டும் கிடைக்கும். அவரிடம் இதைச் சொன்னபோது கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "அப்ப நான் சைவம், அது அசைவம்னு இருந்துக்கறோம்" என்றார். பேரன் வாங்கி வரும் பவுச் உணவைப் பாட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு தட்டில் பிழிகிறார்.

தீவனத்தைத் திடீரென்று மாற்றுவது அடுத்த காரணம். ஆஃபரில் கிடைத்தது என்று வேறு பிராண்டுப் பையை வாங்கிவந்து அன்றே கிண்ணத்தை நிரப்புவார்கள். பழையதோடு புதியதைச் சிறுகச் சிறுகக் கலந்து ஏழு முதல் பத்து நாளில் மாற்றினால் குடல் ஏற்றுக்கொள்ளும்.

பேதி என்றால் பட்டினி போடுவது மனிதர்களிடமும் உண்டு, நாய் வைத்தியத்திலும் ஒரு காலத்தில் இருந்தது. பூனையிடம் அதைச் செய்யாதீர்கள். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே, குண்டுப் பூனையென்றால் இன்னும் எளிதாக, உடம்புக் கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்க் குவியத் தொடங்கும். கல்லீரல் அந்தச் சுமையைத் தாங்காது. காதின் உட்பக்கமும் ஈறும் மஞ்சளிக்கும், அதற்குமேல் பூனை சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்காது. குழாய் போட்டு வாரக்கணக்கில் ஊட்ட வேண்டியிருக்கும். பேதியோடு வந்த பூனை, பேதி நின்றபின் பட்டினியால் சாகக்கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் என் கணக்கு இதுதான்: பேதி நிற்பது கொஞ்சம் தள்ளிப் போகலாம், சாப்பாடு நிற்கக் கூடாது. தோலில்லாத கோழி நெஞ்சுக்கறியை வேகவைத்து, நாரைப் பிரித்து, வெதுவெதுப்பாக, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். வேகவைத்த நீரையும் ஊற்றிக் கொடுத்தால் தண்ணீர்ச்சத்தும் போய்ச் சேரும். உப்பு வேண்டாம். சின்ன வெங்காயமும் பூண்டும் தட்டிப் போட்ட சூப்பு கூடவே கூடாது. அவை இரண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அன்பாகச் சமைக்கிறவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

வீட்டு மருந்து டப்பாவைத் திறப்பவர்களைக் கண்டால் எனக்குப் பயம். "உடம்பு சூடா இருந்துச்சு டாக்டர், பாதி பாராசிட்டமால்தான் கொடுத்தோம்" என்று ஒரு தம்பதி பூனையைக் கொண்டுவந்தார்கள். முகம் வீங்கி, பாதங்கள் வீங்கி, ஈறு சேற்றுப் பழுப்பில் இருந்தது. ஊசியில் எடுத்த ரத்தம் பஞ்சில் பட்டபோது காப்பித்தூள் நிறத்தில் பரவியது. பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. வெளியேறாமல் தங்குவது விஷமாக மாறி ரத்தத்தைப் பிராணவாயு சுமக்க முடியாததாக ஆக்கிவிடுகிறது. ஒரு 500 மி.கி. மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்றுமருந்து இருக்கிறது, சீக்கிரம் வந்தால் பயன்படும். அந்தப் பூனை பிழைத்தது. எல்லாம் பிழைப்பதில்லை. பேதியை நிறுத்த நமக்குத் தரும் லோபரமைடும் பூனைக்கு ஆகாது. சில பூனைகள் அதைச் சாப்பிட்டுப் பித்துப் பிடித்தாற்போல ஓடும். வயிற்றுக்கு வாங்கும் பிஸ்மத் திரவங்கள் சிலவற்றில் ஆஸ்பிரின் குடும்பத்து மருந்து கலந்திருக்கிறது, அதுவும் பூனைக்கு விஷம். குழந்தைக்கு உரைப்பது போல ஜாதிக்காய் உரைத்துப் புகட்டுவதும் வேண்டாம். நமக்கு ஒத்துக்கொண்டது அதற்கும் ஒத்துக்கொள்ளும் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை.

மெட்ரோனிடசோலை நாங்களே ஒரு காலத்தில் பேதி என்ற சொல் காதில் விழுந்ததும் எழுதிக் கொடுத்துவந்தோம். இப்போது அந்தப் பழக்கம் தேய்ந்துவருகிறது. சாதாரணப் பேதிக்கு அது தேவையில்லை, குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அழிக்கிறது என்பது தெளிவாகிவிட்டது. தவிர அந்த மாத்திரையின் கசப்பு இருக்கிறதே! நாக்கில் பட்டதும் பூனை நுரை தள்ளும், தலையை உதறும், அலமாரிக்கு மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். "வலிப்பு வந்துடுச்சு டாக்டர்" என்று போன் வரும்.

குட்டிகளிடம் பேதி என்றால் முதல் சந்தேகம் பூச்சி. உருண்டைப் புழு தாய்ப்பாலிலேயே வந்துவிடும். அதனால்தான் மூன்று வாரக் குட்டிக்கே பூச்சி மருந்து தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொடர்ந்து கொடுக்கச் சொல்கிறோம். "பின்னாடி அரிசி மாதிரி ஒட்டியிருக்கு" என்றால் அது நாடாப்புழுவின் துண்டு. உடம்பில் ஓடும் தெள்ளுப்பூச்சியை நக்கி விழுங்குவதால் வருவது, ஆகவே தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் திரும்ப வரும்.

மலச் சோதனைக்கு எடுத்துவரச் சொன்னால் மனிதர்கள் எதிலெல்லாம் கொண்டுவருவார்கள் என்று ஒரு தனிக் கட்டுரை எழுதலாம். ஐஸ்கிரீம் கப், மாத்திரை டப்பா, ஒருமுறை மூக்குத்தி வாங்கிய நகைக்கடைப் பெட்டி. எதுவானாலும் சரி, புதிதாக இருக்க வேண்டும். உப்பு கரையாமல் தங்கும் அளவுக்குக் கரைத்த நீரில் அதைக் கலக்கி, வடிகட்டி, சிறு குழாயில் விளிம்புவரை ஊற்றி, மேலே மெல்லிய கண்ணாடித் தகட்டை மூடிப் பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டுவிடுவேன். முட்டைகள் உப்புநீரைவிட இலேசானவை என்பதால் மேலே மிதந்து வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். ஜியார்டியா என்ற ஒற்றைச்செல் கிருமி மட்டும் இந்த உப்புநீரில் சுருங்கி அடையாளம் தெரியாமல் போகும், அதற்குத் துத்தநாக சல்பேட் கரைசல் வேண்டும். உயிரோடு பார்க்க வேண்டுமென்றால் சூடு ஆறாத மலத்தில் ஒரு துளியைச் சாதாரண உப்பு திரவத்தில் கலந்து உடனே பார்க்க வேண்டும். மைக்ராஸ்கோப்பில் அது புரண்டு புரண்டு மிதந்து போகும். ஒருநாள் எதுவும் தெரியவில்லை என்பதற்காகப் பூச்சி இல்லை என்று எழுதிக் கொடுக்க முடியாது. முட்டை தினமும் வராது.

பெர்சியன் குட்டி, ஏழெட்டுப் பூனைகளை நெருக்கமாக வைத்து வளர்க்கும் இடத்திலிருந்து வாங்கியது, கொழுகொழுவென்று இருக்கிறது, விளையாடுகிறது, ஆனால் மாதக்கணக்கில் நாற்றத்தோடு இளகிப் போகிறது, எந்த மருந்துக்கும் மசியவில்லை என்றால் ட்ரைட்ரைக்கோமோனாஸ் என்ற இன்னொரு ஒற்றைச்செல் கிருமியை நினைக்க வேண்டும். பி.சி.ஆர். சோதனையில் உறுதியாகும். மெட்ரோனிடசோல் அதை ஒன்றும் செய்யாது. ரோனிடசோல்தான் கேட்கும், அதுவும் அளவு தப்பினால் நரம்பைப் பாதிக்கும். பல பூனைகளுக்கு மருந்தில்லாமலே இரண்டு வருஷத்துக்குள் பேதி அடங்கிவிடும் என்பதைச் சொல்லும்போது வீட்டுக்காரர்கள் என்னைப் பார்க்கும் பார்வை, அந்த இரண்டு வருஷமும் பின்பக்க மயிரைக் கழுவப் போவது யார் என்பதுதான்.

இவை எல்லாம் நேரம் கொடுக்கும் நோய்கள். பான்லூக்கோபீனியா கொடுக்காது.

நாய்க்குப் பார்வோ என்றால் இப்போது எல்லாருக்கும் தெரியும். பூனையின் இந்த நோய்க்கும் காரணம் அதே குடும்பத்து வைரஸ்தான். உண்மையில் பூனையுடையதுதான் மூத்தது. நாய்ப் பார்வோ 1978-இல்தான் உலகத்தில் தலைகாட்டியது, பூனை வைரஸிலிருந்தோ அதற்கு மிக நெருங்கிய ஒன்றிலிருந்தோ மாறி வந்தது. அதனால் நாய்க்குட்டிகளுக்காக வாங்கி வைத்திருக்கும் பார்வோ கிட்டிலேயே பூனைக்குட்டியின் மலத்தையும் சோதித்துப் பார்ப்போம். பெரும்பாலும் கோடு விழும்.

தெருவில் கண்டெடுத்த நான்கு குட்டிகளைச் செருப்புப் பெட்டியில் போட்டு ஒரு கல்லூரிப் பெண் கொண்டுவந்தாள். ஒன்று பெட்டியிலேயே இறந்திருந்தது. இன்னொன்று தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் தலையைத் தொங்கவிட்டபடி, குடிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தது. இந்த நோயில் இந்த உட்காரலை அடிக்கடி பார்க்கலாம். தாகம் இருக்கும், குமட்டல் விடாது. பேதி எல்லாக் குட்டிக்கும் வருவதில்லை, வாந்திதான் முந்தும். குட்டியின் உடம்புச் சூடு 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேலே இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் எண்ணே காட்டாமல் 'லோ' என்று காட்டியது. ஈறைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொண்டது, அவ்வளவு வறட்சி. முன்னங்காலில் மயிரை மழித்து, ஊதா நிற 26 கேஜ் கானுலாவை வைத்துக் குத்தினேன். நரம்பு நூலாக இருந்தது. உள்ளே ஒரு துளி ரத்தம் எட்டிப்பார்த்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டரைச் சுற்றினேன். ரத்தத்தில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் இழுத்து, சாயம் போட்டுப் பார்த்தால் வெள்ளையணுவைத் தேட வேண்டியிருந்தது. இந்த வைரஸ் வேகமாகப் பிரியும் செல்களைத்தான் தேடித் தாக்கும். குடலின் உள்வரியும் எலும்பு மஜ்ஜையும் ஒரே சமயத்தில் போகும். தடுப்புச்சுவரும் இல்லை, காவலும் இல்லை. குடல் பாக்டீரியா ரத்தத்தில் நுழைந்துவிடும்.

வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. குட்டியைத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பாட்டில்களுக்கு நடுவே வைத்து முதலில் சூடேற்ற வேண்டும். குளிர்ந்த குட்டிக்குக் குடல் அசையாது, அப்போது ஊட்டினால் புரையேறும். ஈறில் குளுக்கோஸ் தடவுவது, சொட்டுச் சொட்டாக ரிங்கர் லாக்டேட், வாந்தியை அடக்கும் ஊசி, இரண்டாம் தொற்றைத் தடுக்க ஆன்டிபயாட்டிக், வாந்தி அடங்கியதும் அரை மில்லி ஒரு மில்லியாக உணவு. வாந்தி ஊசியை ஃப்ரிட்ஜில் வைத்துப் போட்டால் எரிச்சல் குறையும், இதெல்லாம் தொழிலில் கை கற்றுக்கொள்வது. மூன்றில் இரண்டு பிழைத்தன. அந்தப் பெண் அழுதுகொண்டே இரண்டுக்கும் பெயர் வைத்தாள்.

பிறகு அவள் கேட்ட கேள்வி முக்கியமானது: "ரூமைப் பினாயில் போட்டுக் கழுவிட்டேன், போதும்தானே அண்ணா?" போதாது. பினாயிலுக்கு இந்த வைரஸ் அசையாது. போதாததோடு, பினாயில் பட்ட தரையில் நடந்த பாதத்தை நக்கினால் பூனைக்கு அதுவே விஷம். வைரஸ் தரையிலும் துணியிலும் கூடையிலும் ஒரு வருஷம்கூட உயிரோடு கிடக்கும். அழுக்கைக் கழுவியபின், ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிஷம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். ஊசி போடாத புதுக் குட்டியை அந்த வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. வீட்டை விட்டு இறங்காத பூனைக்கு எதற்கு ஊசி என்பவர்களுக்கும் இதுதான் பதில். பூனை வெளியே போவதில்லை, உங்கள் செருப்பு போகிறது.

வயதான பூனையின் பேதிக்கு வேறு வேகம். மூன்று வாரத்தைத் தாண்டிவிட்டால் அது நாள்பட்ட பேதி. அப்போது நான் முதலில் நம்புவது தராசை. நான்கு கிலோப் பூனை 400 கிராம் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது, மயிர் மறைத்துவிடும். ஆனால் அது உடம்பில் பத்தில் ஒரு பங்கு. பத்து வயதுக்கு மேல், நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டே போய், பேதியும் வாந்தியும் இருந்தால் தைராய்டைச் சோதிக்க வேண்டும். பூனைகளின் இந்தத் தைராய்டு மிகைப்பு 1979-இல் நியூயார்க்கில்தான் முதலில் விவரிக்கப்பட்டது. அது இல்லையென்றால் உணவுச் சோதனை. இதுவரை தின்னாத ஒரே இறைச்சி, அல்லது புரதத்தைத் துண்டுதுண்டாக உடைத்துச் செய்த மருத்துவத் தீவனம், வேறெதுவும் கூடாது. உணவுதான் காரணம் என்றால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தெரிந்துவிடும். தெரியாமல் போவதற்குப் பெரிய தடை வீட்டுத் தாத்தா. எல்லாரும் கட்டுப்பாடாக இருப்பார்கள், அவர் மட்டும் மேசைக்கடியில் கருவாட்டுத் துண்டை நீட்டுவார். "நீங்க சொன்னத தவிர எதுவும் கொடுக்கல டாக்டர்" என்று மருமகள் சொல்லும்போது தாத்தா ஜன்னலைப் பார்ப்பார். நானும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, இன்னும் இரண்டு வாரம் என்று சீட்டில் எழுதுவேன்.

உணவுக்கும் கேட்காவிட்டால் குடல் அழற்சி, அதற்கும் அப்பால் மெதுவாக வளரும் குடல் லிம்ஃபோமா. ஸ்கேனில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும், சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் உறுதி. புற்று என்ற சொல்லைக் கேட்டதும் உடைந்துபோகாதீர்கள். இந்த வகை மாத்திரைக்குக் கட்டுப்படும், இரண்டு வருஷத்துக்கும் மேல் நன்றாக வாழ்ந்த பூனைகள் உண்டு. இந்தப் பூனைகளுக்கு பி12 குறைந்திருப்பது சகஜம், வாரம் 250 மைக்ரோகிராம் ஊசி ஆறு வாரம் போட்டாலே பசி திரும்பிவிடும் சில பூனைகளுக்கு.

கிளினிக்கில் தோலுக்கடியில் ஏற்றும் சலைன் பற்றியும் ஒரு வார்த்தை. தோள்பட்டைகளுக்கு நடுவே 100 மில்லி ஏற்றினால் காளைக்குத் திமில் போலப் புடைத்து நிற்கும். சாயங்காலம் அந்தத் திமில் சரிந்து முன்னங்காலுக்கு இறங்கும். "கால் வீங்கிடுச்சு" என்று அழைக்க வேண்டாம், இரவுக்குள் உடம்பு உறிஞ்சிவிடும்.

இன்னொரு அவசரமும் நம் வீடுகளில் உண்டு. பூக்கட்டும் நூலும் தையல் நூலும் பூனைக்கு விளையாட்டு. விழுங்கிய நூலின் ஒரு முனை நாக்குக்கடியில் மாட்டிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் போனால், குடல் அதன்மேல் மடிந்து மடிந்து அறுபடும். வாந்தி, சில சமயம் கொஞ்சம் பேதி. ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம், அப்படியே கொண்டுவாருங்கள்.

மருமகள் கர்ப்பமானால் பூனைக்கு வெளியேற்ற உத்தரவு போடும் வீடுகள் பல. டாக்ஸோபிளாஸ்மாவின் வாழ்க்கைச் சுழற்சியில் பூனையின் பங்கு 1970 வாக்கில் தெளிவானது. இந்தியாவில் பிறந்த கால்நடை மருத்துவர் ஜே.பி. துபேவுக்கு அதில் முக்கியப் பங்கு உண்டு. அந்த அறிவையே முழுசாகப் படித்தால் பூனையை விரட்ட வேண்டியதில்லை. முதல் தொற்றுக்குப் பிறகு ஓரிரு வாரம் மட்டுமே பூனை அந்தக் கிருமியின் முட்டையை வெளியேற்றும். வெளியே வந்த முட்டையும் ஒன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் தொற்றும். லிட்டர் டப்பாவைத் தினமும் சுத்தம் செய்தால் போதும், அதைக் கணவர் செய்தால் இன்னும் நல்லது. அரைவேக்காட்டு இறைச்சியும் கழுவாத கீரையும்தான் பல வீடுகளில் பெரிய ஆபத்து. இதைச் சொல்லிப் பல பூனைகளின் குடியுரிமையைக் காப்பாற்றியிருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பூனைக்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த வாரத்திலேயே பூச்சி மருந்துக்கும் தடுப்பூசிக்கும் கொண்டுவாருங்கள். எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும்வரை, பான்லூக்கோபீனியாவையும் தடுக்கும் முக்கூட்டு ஊசியைப் போட வேண்டும். ஒன்று போட்டுவிட்டு நிறுத்தினால் பலனில்லை. பேதி என்று வரும்போது புதிதாகப் போன மலத்தைச் சின்ன டப்பாவில், தீவனப் பையின் படத்தை போனில், கடைசியாக எப்போது சாப்பிட்டது என்ற பதிலை வாயில் கொண்டுவாருங்கள். மாத்திரை எதையும் கொடுத்துவிட்டு வராதீர்கள். கொடுத்திருந்தால் திட்டுவேன் என்று மறைக்காமல் அந்த அட்டையையும் எடுத்து வாருங்கள்.